புயல் தரும் அலைகளும் கழிவுநீரும்: பிரிட்டிஷ் கடற்கரைகளில் இலையுதிர் காலம்

பிரிட்டனின் கடற்கரைகளில் கோடைகாலக் கூட்டம் கலைந்த பின்னர்தான் அலைச்சறுக்கு வீரர்களின் பருவம் தொடங்குகிறது. செப்டம்பர் இறுதியில் இருந்து அட்லாண்டிக் பெருங்கடலில் அடுத்தடுத்து உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நிலைகள், பெரிய அலைகளையும் பலத்த காற்றையும் இந்தத் தீவுகளுக்குக் கொண்டு வருகின்றன. வார இறுதிகளில் லண்டனில் இருந்து, கூரையில் பலகைகளைக் கட்டிய கார்கள் தெற்குக் கரையை நோக்கியும், தென்மேற்கே கோர்ன்வாலை நோக்கியும் செல்வதைக் காணலாம்.

ஆனால், அலைகளைக் கொண்டுவரும் அதே புயல்கள் மழையையும் கொண்டு வருகின்றன. அந்த மழை, நகரங்களின் கழிவுநீர் கடலில் கலப்பதற்குக் காரணமாகிறது.

இங்கிலாந்தில் குளியல் கடற்கரைகளின் நீரைச் சோதிப்பதற்கான அதிகாரபூர்வ பருவமோ, நீண்ட காலமாகவே மே 15 ஆம் தேதி தொடங்கி செப்டம்பர் 30 ஆம் தேதியுடன் முடிவதாக இருந்து வந்துள்ளது. கடல் அதிகமாக மாசுபடக்கூடிய மாதங்களில் அதைச் சோதிப்பவர்கள் இல்லை. அலைச்சறுக்குக்காக அதில் இறங்குபவர்கள் மட்டும் இருக்கிறார்கள். இந்த முரண்பாடுதான், ஒரு விளையாட்டுக் கூட்டத்தினரைப் பிரிட்டனின் முக்கிய சுற்றுச்சூழல் இயக்கங்களில் ஒன்றாக மாற்றியது.

இரண்டு விளையாட்டுகள், இரண்டு வகையான ஆபத்து

அலைச்சறுக்கு, விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்மரப் பலகைச் சவாரி ஆகிய இரண்டுமே புயல்களை நம்பியிருக்கின்றன. ஆனால் நம்பியிருக்கும் விதம் வேறு.

அலைச்சறுக்கு வீரருக்குத் தேவை அலை மட்டுமே. பல நூறு கிலோமீட்டர்களுக்கு அப்பால் வீசும் புயல் எழுப்பும் அலைகள், ஓரிரு நாட்கள் கடலில் பயணம் செய்து கோர்ன்வால் கரையை வந்தடையும். அவை வந்து சேரும்போது அங்கு வானம் தெளிவாகவும் காற்று அமைதியாகவும் இருக்கக்கூடும்.

பாய்மரப் பலகையில் செல்பவருக்கோ அவர் நிற்கும் இடத்திலேயே காற்று வீச வேண்டும். தாழ்வு நிலை கடந்து செல்லும் அதே நாளில் அவர் கடலில் இருக்கிறார். எனவே காற்றோடு சேர்ந்து வரும் மழையும், மழையோடு சேர்ந்து வரும் கழிவும் அவரை நேரடியாகவே எட்டுகின்றன.

இந்த விளையாட்டின் வரலாற்றில் தெற்கு இங்கிலாந்துக்கு ஓர் இடமுண்டு. லண்டனில் இருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள ஹேலிங் தீவில், 1958 ஆம் ஆண்டு பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் பலகையொன்றில் பாயைப் பொருத்திக் கடலில் ஓட்டினான். அமெரிக்கர்களான ஹொய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968 இல் விண்ணப்பித்த காப்புரிமை தொடர்பாகப் பின்னர் பிரிட்டனில் வழக்கு நடந்தபோது, சில்வர்ஸின் பலகை முக்கிய ஆதாரமாக ஏற்கப்பட்டது. அந்தக் காப்புரிமை பிரிட்டனில் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடல்நீரின் வெப்பநிலையும் இலையுதிர் காலத்துக்குச் சாதகமாக உள்ளது. கோடையில் பெற்ற வெப்பத்தைக் கடல் மெதுவாகவே இழப்பதால், அக்டோபர் மாதத்துக் கடல் மே மாதத்துக் கடலை விடப் பொதுவாக இளஞ்சூடாக இருக்கும்.

ஒரே குழாயில் மழையும் கழிவும்

பிரிட்டனின் பழைய நகரப் பகுதிகள் பலவற்றில், வீடுகளின் கழிவுநீரும் தெருக்களில் பெய்யும் மழைநீரும் ஒரே குழாயில்தான் செல்கின்றன. வறண்ட நாட்களில் அந்த நீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்துவிடும். கனமழை பெய்யும்போது குழாய்களின் கொள்ளளவு போதாமல் போகிறது.

அப்போது கழிவுநீர் வீடுகளுக்குள் திரும்பி ஏறிவிடாமல் தடுப்பதற்காக, உபரி நீரை ஆற்றிலோ கடலிலோ விடும் திறப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் இத்தகைய திறப்புகள் சுமார் 14 ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. விதிவிலக்கான மழையின்போது மட்டும் இவற்றைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது.

நடைமுறையில் அவை விதிவிலக்காகத் தெரியவில்லை. 2023 ஆம் ஆண்டின் இறுதிக்குள் இவை அனைத்திலும் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2024 ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்தில் இத்திறப்புகள் வழியாக நான்கரை லட்சம் தடவைகள், மொத்தம் 36 லட்சம் மணி நேரத்துக்கும் அதிகமாகக் கழிவுநீர் வெளியேறியதாகப் பதிவாகியுள்ளது.

இலையுதிர் காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கோடையின் கடும் வெயில் கடல்நீரில் உள்ள கிருமிகளை விரைவாக அழித்துவிடும். சூரியன் தாழ்ந்து, நீரும் கலங்கியிருக்கும் மாதங்களில் அதே கிருமிகள் அதிக நேரம் உயிரோடு இருக்கின்றன. ஆகவே கோடைகாலச் சோதனை முடிவுகளை வைத்து நவம்பர் மாதக் கடலை மதிப்பிட முடியாது.

லண்டன் கற்ற பாடம்

இந்த அமைப்பின் வரலாறு லண்டனோடு பிணைந்தது. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியில் இருந்து எழுந்த துர்நாற்றம், ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தின் பணிகளையே பாதித்தது. அதன் பிறகே பொறியாளர் ஜோசஃப் பசல்ஜெட்டின் பெரும் கழிவுநீர்க் கால்வாய்த் திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டது. தங்கள் ஜன்னல்களுக்கு வெளியே நாற்றம் அடித்தபோதுதான் உறுப்பினர்கள் விரைந்து செயல்பட்டனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர்.

பசல்ஜெட்டின் கால்வாய்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் நகரின் மக்கள் தொகை இப்போது 90 லட்சத்தை ஒட்டியுள்ளது. எனவே அண்மைக் காலம் வரை, மழை பெய்த நாட்களில் கழிவுநீர் தேம்ஸில் கலப்பது வழக்கமாக இருந்தது.

இதற்குத் தீர்வாக, மேற்கு லண்டனின் ஆக்டனில் இருந்து கிழக்கு லண்டன் வரை 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்ட சுரங்கம் தோண்டப்பட்டது. இந்த தேம்ஸ் டைட்வே சுரங்கம் 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. மழை நாட்களின் உபரியைத் தேக்கிவைத்து, மற்றொரு சுரங்கத்தின் வழியாக பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது அனுப்புகிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஈஸ்ட் ஹாம் பகுதிக்கு அருகிலேயே இந்த நிலையம் அமைந்துள்ளது.

சுமார் 450 கோடி பவுண்டுகள் செலவான இந்தத் திட்டத்துக்கான கட்டணம், அப்பகுதி வீடுகளின் தண்ணீர்ப் பில்களில் சேர்க்கப்படுகிறது. பணமும் அரசியல் உறுதியும் இருந்தால் இந்தப் பிரச்சனையைப் பெருமளவு குறைக்க முடியும் என்பதற்கு லண்டன் ஓர் உதாரணம். ஆனால் லண்டன்வாசிகள் அலைகளைத் தேடிச் செல்லும் கடலோர ஊர்களுக்கு இப்படியொரு சுரங்கம் இல்லை.

மாறாக, வட கென்ட் மற்றும் சொலன்ட் கடற்பகுதிகளில் 2010 முதல் 2015 வரை ஆயிரக்கணக்கான தடவைகள் சட்டவிரோதமாகக் கழிவுநீரை வெளியேற்றியதற்காக, சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு 2021 ஜூலையில் 9 கோடி பவுண்டுகள் அபராதம் விதிக்கப்பட்டது. ஹேலிங் தீவைச் சூழ்ந்துள்ள நீர்ப்பரப்புகள் இந்தச் சொலன்ட் பகுதியைச் சேர்ந்தவையே.

உடல்நலத்துக்கு என்ன பாதிப்பு?

கடலில் குளிப்பவர் நீரில் சிறிது நேரமே இருப்பார். அலைச்சறுக்கு வீரரோ மணிக்கணக்கில் இருக்கிறார், மீண்டும் மீண்டும் விழுகிறார், நீரை விழுங்குகிறார். குளிப்பவர்களைப் போலப் பத்து மடங்கு கடல்நீரை அவர்கள் விழுங்குவதாக ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன.

எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்று பரவலான கவனத்தைப் பெற்றது. 143 அலைச்சறுக்கு வீரர்களையும், கடலில் இறங்காத 130 பேரையும் அவர்கள் சோதித்தனர். செஃபோடாக்ஸிம் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை பாக்டீரியா, வீரர்களில் 9 சதவீதத்தினரின் குடலிலும், மற்றவர்களில் 3 சதவீதத்தினரின் குடலிலும் காணப்பட்டது.

இந்த பாக்டீரியாவைச் சுமப்பவர் நோயாளி ஆகிவிடுவார் என்பதல்ல இதன் பொருள். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் மனிதரை வந்தடையும் வழிகளில் கடலும் ஒன்று என்பதை இது உணர்த்துகிறது. அவர் வழியாக அவரது வீட்டாருக்கும் அவை பரவக்கூடும்.

பலகையை ஏந்திய போராட்டம்

ஐரோப்பிய சமூகம் 1976 இல் குளியல் கடற்கரைகளுக்கான நீர்த்தர விதிகளைக் கொண்டுவந்தபோது, பிரிட்டன் முதலில் அறிவித்த குளியல் கடற்கரைகள் வெறும் 27 தான். புகழ்பெற்ற பிளாக்பூல் கடற்கரை கூட அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாத கடற்கரைக்கு விதிகள் பொருந்தாது.

இந்த நிலையில்தான் 1990 இல் கோர்ன்வாலின் அலைச்சறுக்கு வீரர்கள் சிலர் ஒன்றுகூடி, 'கழிவுநீருக்கு எதிரான அலைச்சறுக்கு வீரர்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். நீச்சல் உடையும் நச்சுவாயு முகமூடியும் அணிந்து, பலகைகளை ஏந்தியபடி அவர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து போராடினார்கள்.

அதன் பின்னர் ஐரோப்பிய விதிகள் கடுமையாயின. கழிவுச் சகதியைக் கடலில் கொட்டுவது 1998 இல் முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட குளியல் பகுதிகளின் எண்ணிக்கை 2024 இல் 450 ஐ எட்டியது. அவற்றில் சுமார் 92 சதவீதம் அந்த ஆண்டில் குறைந்தபட்சத் தரத்தையாவது பெற்றிருந்தன.

இருந்தபோதிலும், இந்த மதிப்பீடு கோடை மாதங்களில் எடுக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டதே. ஆண்டு முழுவதும் கடலில் இறங்குவோர் இதைச் சுட்டிக்காட்டி வந்தனர். 2024 நவம்பரில் இது குறித்துப் பொதுமக்களின் கருத்துகளைக் கேட்ட அரசு, நிலையான தேதிகளை விதிகளில் இருந்து நீக்கப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. கோடைக்கு வெளியே எந்தக் கடற்கரையில், எத்தனை தடவை சோதிப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பவையே இனி முக்கியமான கேள்விகள்.

உபரித் திறப்புகளைச் சீரமைப்பதற்கு 2050 வரையிலான திட்டத்தை அரசு வகுத்துள்ளது. குளியல் கடற்கரைகளை ஒட்டியுள்ள திறப்புகளுக்கு 2035 என இலக்கு வைக்கப்பட்டுள்ளது. ஆனால் தண்ணீர் நிறுவனங்கள் 1989 முதல் தனியார் வசம் உள்ள நிலையில், இத்தனை ஆண்டுகளும் முதலீடு செய்யாமல் பங்குதாரர்களுக்கு லாபத்தை வழங்கிவிட்டு, இப்போது நுகர்வோரிடம் கேட்பது நியாயமா என்று விமர்சகர்கள் வினவுகிறார்கள். நிறுவனங்களோ, கட்டணங்களைக் குறைவாக வைத்திருக்கும்படி ஒழுங்குமுறை அமைப்பு வற்புறுத்தியதும் ஒரு காரணம் என்று வாதிடுகின்றன.

தமிழர் கரைகளில்

பிரிட்டனில் இலையுதிர் காலப் புயல்கள் வீசும் அதே மாதங்களில்தான் தமிழ்நாட்டிலும் இலங்கையின் கிழக்கிலும் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இலங்கையின் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் பொதுவாக அக்டோபரோடு முடிந்து, வெளிநாட்டுப் பயணிகள் கலைந்துவிடுவார்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், மீனவ இளைஞர்கள் பலர் இன்று தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்களாக உள்ளனர்.

சென்னையில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி அமைப்புகள். ஆயினும் முறையற்ற இணைப்புகளால் கழிவுநீர் வடிகால்களிலும், அவற்றின் வழியாகக் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றிலும் கலக்கிறது. பெருமழை அதைக் கடலுக்குத் தள்ளுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலி தொழிற்பகுதியில் இருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

பிரிட்டனில் இலையுதிர் காலத்தில் கடலில் இறங்குவது ஒரு விருப்பம். கனமழைக்குப் பின் ஓரிரு நாட்கள் இறங்க வேண்டாம் என்ற அறிவுரையை அங்குள்ள வீரரால் பின்பற்ற முடியும். எண்ணூர் மீனவருக்கு அந்தத் தெரிவு கிடையாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலான தடைக்காலத்தில் ஏற்கனவே விசைப்படகுகள் கரையில் நின்றிருக்கும். மழைக்காலத்திலும் வேலையை விடுவது பலருக்கு இயலாது.

ஆண்டு முழுவதும் கடலில் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் சோதனை முடிவுகள் தேவை என்ற வாதம், கோர்ன்வாலில் விளையாட்டு வீரர்களிடம் இருந்து எழுந்தது. கடலையே பிழைப்பாகக் கொண்டவர்கள் விடயத்தில் அந்த வாதம் இன்னும் வலுவானதாகிறது.