கையில் டெபாசிட், தலையில் கடன்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து, குர்லா ஸ்டேஷனில் டோம்பிவிலி வண்டிக்காக நின்றிருந்தபோது ஓர் அன்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் இப்படி அகப்படுவது எனக்கு வழக்கந்தான். ஒரு வண்டி போயிற்று, அடுத்ததும் போயிற்று. பேச்சு முடியவில்லை.

அவருடைய மகள் எம்.டெக். படித்தவள். கல்விக் கடனில் இன்னும் 9 லட்சம் பாக்கி. வட்டி 10 சதவீதம், மாதத் தவணை 15,000. வேலைக்குச் சேர்ந்தபின் மிச்சம் பிடித்த 5 லட்சம், 7 சதவீத ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது. இந்த மாதம் அது முதிர்கிறது. அதைக் கடனில் கட்ட வேண்டும் என்கிறாள் மகள். அப்பாவுக்கோ தொட மனமில்லை. "நாளைக்கே ஒரு வரன் அமைந்தால் யார் வாசலில் போய் நிற்பது, சார்?" என்றார்.

அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊரில் இருந்தால் அண்ணன், தம்பி, மச்சான் என்று நாலு பேர் கை கொடுப்பார்கள். இங்கே டெபாசிட் ரசீதுதான் நமக்குப் பங்காளி. ஆனால் மகள் சொன்னதையும் அவரே ஒப்பித்தார்: "அப்பா, நீங்களும் கடனில் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எனக்கு வேலை போனா பேங்க்காரங்க உங்ககிட்டதானே வருவாங்க?"

ஒரு பழைய டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். 3 லட்சத்துக்கு டெபாசிட் தருவது வருஷத்துக்கு 21,000. அதிலும் வருமான வரி உண்டு. அதே 3 லட்சத்துக்குக் கடன் வாங்கிக்கொள்வது 30,000. சேமிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வருஷத்துக்கு 9,000 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகிறது. அந்த 3 லட்சத்தை அசலில் கட்டிவிட்டு, தவணையை அதே 15,000-ஆக வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 84 மாதம் ஓட வேண்டிய கடன் 49 மாதத்தில் தீரும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா கட்டிவிட்டு வந்தால் சில கிளைகளில் காலத்தைக் குறைக்காமல் தவணையை 10,000-ஆகக் குறைத்துவிடுவார்கள். அப்போது லாபம் பெரிதும் கரைந்துபோகும். "அசலில் வரவு வைத்து, தவணை எண்ணிக்கையைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, புது அட்டவணையைக் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது.

"வரிச் சலுகை போய்விடுமே?" என்றார். கல்விக் கடன் வட்டிக்கு 80-ஈ என்று நாம் பழகிய கழிவு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே; அதுவும் எட்டு வருஷத்துக்கு. மகள் புது முறையில் இருக்கிறாள். அவளுக்குச் சலுகையே இல்லை. பழைய முறையில் 30 சதவீத வரி கட்டுபவரானால் கதை வேறு. அவருக்கு அந்த 10 சதவீதக் கடன் உண்மையில் 7 சதவீதத்துக்குச் சற்றே குறைவாக முடியும். 2020 ஏப்ரல் முதல் பல ஆண்டுகள் 7.1 சதவீதம் தந்த பி.பி.எஃப். அதற்கு ஏறக்குறைய ஈடு. அவர் அவசரப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தவணை ஆரம்பிக்காத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 10 சதவீதத்தில் 10 லட்சம், மூன்று வருஷத்தில் தனி வட்டியிலேயே 13 லட்சம். மாதாமாதம் அந்த வட்டியை மட்டும் கட்டிவந்தால் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் தள்ளுபடியும் தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்!

முடிவாக 2 லட்சத்தை டெபாசிட்டிலேயே விடச் சொன்னேன். வேலை போனாலும் வீட்டுச் செலவையும் தவணையையும் ஐந்தாறு மாதம் அது தாங்கும். கல்யாணத்துக்கு? அரை மனசாகத்தான் தலையாட்டினார். "அவங்க அம்மாகிட்ட நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க, சார்" என்று போனை எடுத்து நீட்டினார். மூன்றாவது வண்டியும் போயிற்று.