மணியோசையும் மாணவனும்

வகுப்பில் மணியடித்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசையடியிற் குனிந்த மாணவனொருவனைக் குறும்பனென்றெண்ணி வெளியே நிறுத்திய ஆசிரியன் யான். அது குறும்பன்று. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையார் பலர்க்கு, நாம் பொருட்படுத்தாத ஒலியும் பேரிடியாகும். தகரக் கூரையின்மேற் பெய்யும் பசறை மழை அன்னார்க்கு எத்தகையதென எண்ணிப் பார்மின்!

1943ஆம் ஆண்டில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 சிறாரை ஆராய்ந்து இந்நிலையை விரித்தெழுதினார். வழக்கமான ஒழுங்கு சிறிது பிறழினும் அவர்கள் கலங்கினர். நேரசூசி மாறும் நாள் இத்தகைய மாணவனுக்கு ஏன் துன்பநாளாகின்றது என்பது இதனாற் புலனாகும்.

1947இற் பிறந்த அமெரிக்க மாதாகிய டெம்பிள் கிராண்டின், கேலி செய்த மாணவிமேற் புத்தகத்தை வீசிப் பள்ளியினின்று நீக்கப்பட்டவர். பின்னர்ப் பண்ணையொன்றில், இறுக்கிப் பிடிக்கும் பொறியினுள் மாடுகள் அமைதியுறக் கண்டு, தமக்கும் அத்தகைய பொறியொன்று செய்துகொண்டார். பிறர் முகஞ்சுளித்தனர். கார்லொக் என்னும் விஞ்ஞான ஆசிரியரோ, அமைதி வருங் காரணத்தை ஆராயுமாறு அவரை ஊக்கினார். அம்மாணவியே பிற்காலத்திற் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இப்பொழுது மணியடிக்கச் சிறிது முன்னரே என் மாணவனுக்குச் சைகை காட்டுகின்றேன். அவன் காதைப் பொத்துகின்றான். ஓசை அடங்கியதும் விட்ட வரியிலிருந்து எழுதுகின்றான்.