மூக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?



மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் பஸ்ஸில் போனால், மாங்கூழ் கம்பெனி வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். ஆனா, உள்ளே வேலை செய்யும் பெண்களைக் கேட்டுப் பாருங்க, "வாசனையா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். அவர்கள் மூக்கில் கோளாறு இல்லை. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. புதுசா வரும் வாசனையைத்தான் அது சட்டென்று பிடிக்கும்.

மூக்கு ஒன்றும் லேசுப்பட்டதல்ல. வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் அதற்குள் சுமார் 400 வகை உண்டு. இவை வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்த லிண்டா பக் என்ற பெண் விஞ்ஞானிக்கும், ரிச்சர்ட் ஆக்சலுக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள்தான். ரசத்தில் பெருங்காயத்தையும் கொத்தமல்லியையும் காட்டிக்கொடுப்பது மூக்கு. அதனாலதான் சளி பிடிச்சா சாப்பாடு சப்புன்னு இருக்கு.

இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது! கசிந்தால் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் அங்கே நாற்றம் கலப்பது சட்டமானது.

ஆனாலும் மூக்கு மூன்று நேரங்களில் நம்மைக் கைவிடும்:

1. கேஸ் வாசனையிலேயே கொஞ்ச நேரம் இருந்தால் பழகிவிடும். "வாசனை போயிடுச்சு" என்று இருந்துவிடக் கூடாது.
2. நல்ல தூக்கத்தில் வாசனை நம்மை எழுப்புவது அரிது. எனவே படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள்.
3. சளி, கொரோனா வந்தவர்களுக்கு வாசனை தெரியாமல் போகலாம். வீட்டில் வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் வாசனை வந்தால் நெருப்பு வேண்டாம். லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. செப்டிக் டேங்கில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்கினால் உயிர் போகும். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூலி அதிகம் என்று யார் கூப்பிட்டாலும் நம் வீட்டு ஆண்களை அனுப்பாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் 1906 என்ற எண் மனப்பாடமாக வேண்டும்.