சிகாகோவில் கைமாறும் சரக்கு

அமெரிக்க ரயில்வேக் கம்பெனிகளிடையே நெடுங்காலமாக ஒரு விசித்திர நிலை உண்டு. மேற்கிலிருந்து வரும் பாதைகளும் கிழக்கிலிருந்து வரும் பாதைகளும் பெரும்பாலும் சிகாகோ நகரத்தோடு நின்றுவிடும். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், கிழக்குப் பாதைகள் அதன் தென்முனையைச் சுற்றியே வந்தாக வேண்டும். இருபுறத்தாரும் சந்திக்கும் இடமாகச் சிகாகோ அமைந்தது இதனாலேயே.

முற்காலத்தில் கலிபோர்னியாவில் பறித்த ஆரஞ்சுப் பழம் நியூயார்க் கடைத்தெருவுக்குச் சென்ற வகையைக் காண்போம். சான்டா ஃபே ரயில்வே அதனைப் பனிக்கட்டி இட்ட வண்டியில் சிகாகோ வரை கொணரும்; அங்கிருந்து ஈரி ரயில்வே போன்ற கிழக்குக் கம்பெனியொன்று ஏற்றுக்கொள்ளும். பழத்தை இறக்கி ஏற்றுவதில்லை, வண்டியே கைமாறும். மீட்டர் பாதையிலிருந்து அகலப் பாதைக்கு மூட்டைகளை மாற்றிய காலத்தை அறிந்த நம்மவர்க்கு இவ்வசதியின் அருமை நன்கு விளங்கும். அமெரிக்கத் தென் மாநிலங்களும் 1886-இல் தம் அகன்ற பாதைகளைக் குறுக்கி, ஏனையோர் பாதையோடு இசைவித்துக்கொண்டன.

ஆனால், ஒரு கம்பெனியின் முற்றத்திலிருந்து மற்றொன்றின் முற்றத்திற்கு வண்டியைக் கொண்டுசெல்வது யார்? போட்டியாளரிடம் அவ்வேலையை ஒப்படைக்க எவர்தாம் விரும்புவர்? 1882-இல் தோன்றிய பெல்ட் ரயில்வே இதற்கு விடையளித்தது. போட்டியிடும் பெருங்கம்பெனிகளே பிற்பாடு அதன் கூட்டு உரிமையாளர் ஆயினர். ஆதலின் அது எவர் பக்கமும் சாராது நின்றது. அதன் கிளியரிங் முற்றத்தில் வண்டித் தொடரைச் சிறு மேட்டின்மேல் தள்ளி, இணைப்பை அவிழ்த்துவிடுவர். வண்டிகள் தம் எடையாலேயே உருண்டு உரிய தடத்தைச் சேரும்.

பிறர் வண்டியை வைத்திருப்போர் நாள் வாடகை செலுத்தவேண்டும் என்னும் முறை 1902-இல் வந்தது. அக்காலத்தில் நள்ளிரவில் வண்டி எவர் வசம் இருந்ததோ, அவரே அந்நாள் வாடகைக்குப் பொறுப்பாயிருந்தார். ஆகவே, மாலை சாய்ந்ததும் வண்டிகளை அடுத்தவரிடம் தள்ளிவிட எத்துணை அவசரம்! கணக்கன் எழுதிய விதி கூட்ஸ் வண்டியை விரட்டியதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

எனினும் நெரிசல் தீரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இரண்டே நாளில் சிகாகோவை எட்டிய சரக்கு, நகரைக் கடக்க மட்டும் ஏறத்தாழ 30 மணி நேரம் எடுத்துக்கொண்டதாக 2012-இல் பேசப்பட்டது. அரசும் ரயில்வேக் கம்பெனிகளும் 2003-இலேயே கூட்டுத் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தன. அதன்படி, எங்கிள்வுட் பகுதியில் புறநகர் வண்டிப் பாதையும் சரக்குப் பாதையும் குறுக்கிட்ட இடத்தில் 2014-இல் மேம்பாலம் அமைந்தது. புறநகர் வண்டி மேலே செல்ல, அதற்காகக் காத்திராமல் சரக்கு வண்டி கீழே செல்கிறது.