பாக்கெட் பால்ல ஏன் ஆடை கட்டுறதில்ல?

"இது பாலா, வெள்ளைத் தண்ணியா? காய்ச்சினா ஆடையே கட்ட மாட்டேங்குது!" வீட்டில் அம்மாவோ பாட்டியோ இப்படி அலுத்துக்கிட்டதைக் கேட்டிருப்பீங்க. பழி பெரும்பாலும் பால் போடுறவர் மேலதான் விழும். அடுத்த தடவை பாக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. 'ஹோமோஜெனைஸ்டு'னு போட்டிருந்தா, அந்த மனுஷனை விட்டுடலாம்.

கறந்த பாலில் கொழுப்பு குட்டிக் குட்டி உருண்டைகளா மிதக்குது. பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரான் அளவு. தண்ணீரைவிட லேசு என்பதால் மெல்ல மேலே ஏறி ஒண்ணு சேரும். நாம வழிச்சு எடுக்கிற ஆடை கெட்டியா வர்றது அதனாலதான்.

இதைத் தடுக்கத்தான் 1899-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஓகுஸ்த் கோலன் ஒரு மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினார். டெக்னிக் சிம்பிள். ஹோஸ் பைப் வாயை விரலால அழுத்தினா தண்ணி பீய்ச்சி அடிக்கும்ல? அதே கதைதான். பாலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, காற்றழுத்தத்தைப்போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், ரொம்பச் சின்ன இடுக்கு வழியா தள்ளுறாங்க. சூட்டில் இளகின கொழுப்பு உருண்டைகள் கிழிஞ்சு, 1 மைக்ரானுக்கும் கீழே போயிடும். உருண்டை 10 மடங்கு சின்னதானா, மேலே ஏறுற வேகம் 100 மடங்கு குறையும்! போதாததுக்கு, பாலில் இருக்கிற கேசின் புரதம் ஓடி வந்து அதன் மேல ஒட்டிக்கும். திரும்ப ஒண்ணு சேர விடாது.

ஆனா இந்த மெஷின் கிருமியைக் கொல்லாது, அது பாஸ்ச்சரைசேஷனோட வேலை. அதுவும் கட்டாயம் வேணும். இல்லைன்னா பாலில் இருக்கிற லிபேஸ் என்சைம், உடைஞ்ச கொழுப்பைத் தாக்கி சீக்கிரமே சிக்கு வாடை வர வெச்சிடும்.

சரி, கொழுப்பு எங்கே போச்சு? எங்கேயும் போகல. பால் முழுக்கப் பரவி இருக்கு, அவ்வளவுதான். அதனால ஆடையை வெச்சு பாலை எடை போடாதீங்க. டோண்டு பால்னா 3 சதவிகிதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் க்ரீம் 6. இந்தக் கணக்கைப் பார்த்து வாங்குங்க.

உங்க வீட்டுல தயிர்தான் முக்கியம்னா ஹோமோஜெனைஸ்டு பால் நல்ல சாய்ஸ். தண்ணி விடாம கெட்டியா உறையும். ஆடை சேர்த்து வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சுற வீடா? அப்போ அந்த வார்த்தை இல்லாத பாக்கெட்டா கேட்டு வாங்குங்க.