பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் அதன் இயக்குநர்களும்

பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சி ஆய்வகம் (டி.எம்.ஆர்.எல்.) இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் (டி.ஆர்.டி.ஓ.) கீழ் இயங்கும் ஆய்வகங்களுள் ஒன்று. 1963-ல் நிறுவப்பட்ட இது ஐதராபாத்தின் கஞ்சன்பாக் பகுதியில் அமைந்துள்ளது. பீரங்கி வண்டிகளின் கவசம், போர்க்கப்பல் எஃகு, விமான எஞ்சின்களுக்கான உயர்வெப்பக் கலவைகள், தைட்டானியம், காந்தப் பொருள்கள் போன்றவை இதன் ஆய்வுத் துறைகள். இதன் இயக்குநர்களாக இருந்தவர்களின் கல்வி, அனுபவப் பின்னணிகளையும், ஆய்வகத்தின் பணியோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இயக்குநரின் பொறுப்பு

இயக்குநர் ஆய்வகத்தின் அறிவியல் தலைவர். நிர்வாகத் தலைவரும் அவரே. எந்த ஆய்வைத் தொடர்வது, எதைக் கைவிடுவது, எந்தக் கருவியை வாங்குவது, எந்தத் தொழிற்சாலையிடம் தொழில்நுட்பத்தை ஒப்படைப்பது ஆகியவற்றில் அவருடைய முடிவுக்குப் பெரும் இடமுண்டு. எனினும் அவர் தன்னிச்சையாக இயங்குபவர் அல்லர். கடற்படை அமைப்புகள் மற்றும் பொருள்கள் பிரிவின் தலைமை இயக்குநர் அவருக்கு மேல் இருக்கிறார். அவருக்கும் மேலே டி.ஆர்.டி.ஓ. தலைவர் உள்ளார்.

ஓர் உலோகக் கலவை பயன்பாட்டுக்கு வர எடுக்கும் காலம் பெரும்பாலும் ஓர் இயக்குநரின் பதவிக்காலத்தைவிட நீளமானது. ஆய்வகத்தில் சில கிலோ உருக்கிப் பார்ப்பது முதல் படி. அதே தரத்தில் டன் கணக்கில் உற்பத்தி செய்வது, பற்றவைப்பது, சோதிப்பது, படையினரின் ஒப்புதலைப் பெறுவது எல்லாம் அதற்குப் பின் வருபவை. ஆகவே ஓர் இயக்குநர் தமக்கு முன்பிருந்தவர் தொடங்கியதை முடிக்கிறார். தமக்குப் பின் வருபவர் முடிக்க வேண்டியதைத் தொடங்குகிறார். அவருடைய பின்னணி முக்கியமாவது இதனால்தான்.

பல நிறுவனங்களில் பணியாற்றியவர்

ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆர். வி. தம்ஹங்கர். பின்னர் அப்பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவர் வி. எஸ். அருணாசலம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற இவர், வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அணுசக்தித் துறையின் ஆய்வு மையத்திலும் தேசிய விமானவியல் ஆய்வகத்திலும் பணியாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. 1980-ல் பொறியியல் பிரிவில் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார்.

அணுசக்தி, விமானவியல், பாதுகாப்பு என மூன்று துறைகளையும் அறிந்திருந்த அருணாசலம் 1982-ல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகரானார். அடுத்த ஆண்டு ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. 1992 வரை அதில் நீடித்தார்.

இந்த ஆய்வகத்தின் பணிக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு தொடர்பு உண்டு. திருச்சிராப்பள்ளியிலுள்ள கன உலோக ஊடுருவித் தொழிற்சாலை, டங்ஸ்டன் கலவையால் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுக்கான தண்டுகளைத் தயாரிக்கிறது. அதற்கான தொழில்நுட்பம் டி.எம்.ஆர்.எல்.-ல் உருவானது. டங்ஸ்டனின் உருகுநிலை 3,400 டிகிரி செல்சியசுக்கும் மேல் என்பதால் வழக்கமான வார்ப்பு முறை அதற்கு உதவாது. உலோகத் தூளை அழுத்தி, பின் சூடேற்றி இறுகச் செய்யும் தூள் உலோகவியல் முறையே பயன்படுகிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்

1982-ல் இயக்குநரான பல்லே ராம ராவ், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் உலோகவியல் கற்பித்த பேராசிரியர். பாதுகாப்புத் துறையின் உள்ளிருந்து படிப்படியாக உயர்ந்தவர் அல்லர். வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு அலுவலக நடைமுறைகள் புதியவை. ஆனால் இளம் ஆய்வாளர்களை அடையாளம் காணும் பயிற்சியும், நாட்டின் பிற கல்வி நிறுவனங்களோடு தொடர்பும் அவருக்கு இயல்பாகவே இருக்கும். 1985-ல் ராம ராவுக்குப் பட்நாகர் விருது கிடைத்தது. பின்னாளில் அவர் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தலைவர், ஐதராபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆகிய பொறுப்புகளை வகித்தார்.

ஆய்வகத்திலேயே வளர்ந்தவர்கள்

மூன்றாவது வகையினர், இளம் வயதில் ஆய்வகத்தில் சேர்ந்து அங்கேயே உயர்ந்தவர்கள். தீபங்கர் பானர்ஜி சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டமும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்று 1979-ல் டி.எம்.ஆர்.எல்.-ல் சேர்ந்தார். தைட்டானியம், அலுமினியம், நயோபியம் கலந்த பொருளில் 'ஓ' கட்டம் எனப்படும் புதிய படிக அமைப்பை அவரும் குழுவினரும் 1988-ல் அறிவித்தனர். எஞ்சின்களுக்கு ஏற்ற இலகுவான கலவைகளைத் தேடும் ஆய்வில் இது உலகளவில் கவனிக்கப்பட்ட கண்டுபிடிப்பு. 1990-களின் பிற்பகுதியில் அவர் இயக்குநரானார்.

அமோல் கோகலே மும்பை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அலுமினியம்-லித்தியம் கலவைகளில் வல்லுநர். சமீர் காமத் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, 1989-ல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 2015-ல் இயக்குநர், 2017-ல் தலைமை இயக்குநர், 2022-ல் டி.ஆர்.டி.ஓ. தலைவர் என உயர்ந்தார். ஜி. மதுசூதன் ரெட்டி பற்றவைப்புத் துறையில் பெயர் பெற்றவர்.

இத்தகைய வளர்ச்சிக்கு டி.ஆர்.டி.ஓ.வின் பதவி உயர்வு முறை துணைசெய்கிறது. விஞ்ஞானி 'பி' நிலையில் சேரும் ஒருவர், காலியிடத்துக்காகக் காத்திராமல் தகுதி மதிப்பீட்டின்படி அடுத்த நிலைகளுக்கு உயர முடியும். ஆய்வைக் கைவிட்டு நிர்வாகத்துக்கு மாறினால்தான் உயர்வு என்ற நெருக்கடி இதனால் குறைகிறது.

பின்னணியும் விளைவும்

ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் இதற்கு நல்ல சான்று. போர்க்கப்பலுக்கான எஃகு வலிமையாக இருந்தால் மட்டும் போதாது. குளிரிலும் அதிர்ச்சியிலும் நொறுங்கக் கூடாது, எளிதில் பற்றவைக்கவும் இயல வேண்டும். அத்தகைய எஃகுக்கு இந்தியா வெளிநாட்டையே நம்பியிருந்தது. டி.எம்.ஆர்.எல்., இந்திய எஃகு ஆணையம், கடற்படை ஆகிய மூன்றும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 வகை எஃகை உருவாக்கின. எஃகு ஆணையம் இக்கப்பலுக்காக ஏறக்குறைய 30,000 டன் எஃகு வழங்கியது. 2009-ல் அடித்தளம் இடப்பட்ட கப்பல், 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் படையில் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வகத்தின் இயக்குநர்கள் பலமுறை மாறினர்; பணி நிற்கவில்லை.

கேரளத்தின் சவறையில் 2011-ல் தொடங்கப்பட்ட, ஆண்டுக்கு 500 டன் திறன் கொண்ட தைட்டானியம் பஞ்சு ஆலையும் இந்த ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தால் உருவானதே. 2021-ல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்கான 60 ஒற்றைப் படிக டர்பைன் தகடுகளை ஆய்வகம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. சாதாரண உலோகத்தில் படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகள் கடும் வெப்பத்தில் பலவீனமடையும். முழுத் தகட்டையும் ஒரே படிகமாக வார்த்தால் அந்த எல்லைகளே இராது. உலகில் மிகச் சில நாடுகளிடமே இத்திறன் உள்ளது. அதை எளிதில் விற்க எவரும் முன்வருவதில்லை.

குறைகளும் கேள்விகளும்

மேலே விவரித்த இயக்குநர்களுக்குப் பொதுவான ஓர் அம்சம் உண்டு. அவர்கள் முனைவர் பட்ட ஆய்வின் வழியாகவோ கல்விப்புலத்திலிருந்தோ வந்தவர்கள்; பெரிய உற்பத்தி ஆலையை நடத்திவிட்டு வந்தவர்கள் அல்லர். நுண்ணிய கலவையை வடிவமைக்கும் திறனும், அதை நாள்தோறும் ஒரே தரத்தில் தயாரிக்கும் ஆலையை இயக்கும் திறனும் வேறுவேறு. 1973-ல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

உள்ளிருந்து உயர்பவர் ஆய்வகத்தின் பழைய முயற்சிகளையும் தோல்விகளையும் அறிவார். ஆனால் பழகிய பாதையை விட்டு விலகத் தயங்கலாம். வெளியிலிருந்து வருபவர் புதிய கேள்விகளைக் கேட்பார். ஆனால் இருபதாண்டு நினைவு அவரிடம் இராது. டி.எம்.ஆர்.எல். இரு வகையினரையும் மாறி மாறிக் கண்டுள்ளது. எவர் தலைமையேற்றாலும், தம் காலத்தில் பலன் தராத ஆய்வுக்கும் இடம் தர வேண்டியிருக்கிறது. அவ்வாறு இடம் தராவிட்டால், அடுத்த கப்பலுக்கும் எஞ்சினுக்கும் வேண்டிய உலோகத்தை மீண்டும் பிற நாடுகளிடம் கேட்க வேண்டிய நிலை ஏற்படும்.