படத்தின் மூலையில் ஒரு பெயர்

அத்திப்பட்டுல எங்க வீட்டுப் பூஜை அலமாரில ஒரு முருகன் படம் இருக்கு. மளிகைக்கடைல இலவசமா கொடுத்த காலண்டர். வருஷம் முடிஞ்சதும் பாட்டி கடைப் பேரை வெட்டிட்டு ஃப்ரேம் போட்டாங்க. மூலையில ஒரு கையெழுத்து மட்டும் மிஞ்சியிருக்கு: சி. கொண்டையராஜு.

1898-ல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் படித்தார். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தார். பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். பக்கத்தில்தான் சிவகாசி அச்சகங்கள். 1894-ல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கி, சாமி படங்களை வீடுகளுக்குக் கொண்டுபோனார். கொண்டையராஜுவின் சாமிகள் காலண்டராக, காசில்லாத வீட்டுக்கும் வந்தன. 1976-ல் மறைந்தார்.

பாட்டிக்கு அவர் பேரு தெரியாது. ஆனா கண்ணை மூடி ‘முருகா’ன்னா, அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் அவர் வரைஞ்சதுதான். உங்க வீட்டுப் படத்தோட மூலையையும் ஒரு தடவை பாருங்க.